அரைத் தலைக்கட்டு

ஜெயப்ரியா என்ன வேலை பார்க்கிறாள் என்று சங்குமேட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. காரைக்காலில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது, அவ்வளவு தெரியும். அவள் அம்மா கனகம் மீன்கூடையோடு கோட்டுச்சேரிக்குப் பஸ்ஸில் போகும்போது யாராவது விசாரித்தால், "ஆஸ்பத்திரி வேலைதான், ஆனா ஊசி போட மாட்டா" என்பாள். ஊசி போடாத ஆஸ்பத்திரி வேலையைப் பற்றி மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது? கேட்டவர்கள் மீன் விலைக்குத் தாவிவிடுவார்கள்.

உண்மையில் அது படிக்கிற வேலை. ஒரே கேள்விக்கு விடை தேடி உலகத்தில் பல பேர் பல ஊர்களில் ஆய்வு செய்திருப்பார்கள். ஒருவர் ஆமாம் என்பார், இன்னொருவர் இல்லை என்பார், மூன்றாமவர் இரண்டையும் சொல்லி வைப்பார். அத்தனையையும் தேடிப் பிடித்து, எதை நம்பலாம் எதை நம்பக்கூடாது என்று சலித்து, எல்லாம் சேர்ந்து என்னதான் சொல்கின்றன என்று ஒரே தொகுப்பாக எழுதித் தர வேண்டும். 2008-ல் அந்த மாடியில் எடுத்துக்கொண்ட கேள்வி இது: பிரஷர் மாத்திரையை மாதாமாதம் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் ஜனங்களுக்குப் பிரஷர் குறைகிறதா?

குறைகிறது என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் சொல்லின. ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது என்று அந்த ஆண்டு டாக்டர் திருஞானசம்பந்தம் பிடிவாதமாக இருந்தார். கோட்டுச்சேரியில் நஞ்சை உள்ள குடும்பம், அரசாங்க வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இந்த ஆய்வு மையத்தைத் தொடங்கியவர். யாருக்குக் குறைகிறது, யாருக்குக் குறையவில்லை என்பதையும் தனியாகச் சொல்ல வேண்டும் என்று வெளிநாட்டில் சிலர் பேச ஆரம்பித்திருந்தார்கள். சம்பந்தம் சார் அதை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். ஆணா பெண்ணா, பட்டணமா கிராமமா, என்ன தொழில், எவ்வளவு படிப்பு, கையில் காசு உண்டா இல்லையா என்று ஒவ்வொரு ஆய்விலும் தேடி, கண்டதை அட்டவணையில் போட வேண்டும்.

"சராசரின்னு ஒண்ணு சொல்லி ஏமாத்திடுவாங்கம்மா. அதுக்குள்ள யாரு இருக்கா, யாரு வெளிய நிக்கிறான்னு பாக்கணும்" என்பார். இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உயரும், மேடையில் நிற்பது மாதிரி. கேட்பதற்கு ஜெயப்ரியாவும் மஹ்பூபாவும் மட்டுமே இருப்பார்கள்.

மஹ்பூபா அந்த மையத்தின் இன்னொரு ஊழியர். இருவரும் ஒவ்வொரு ஆய்வையும் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் படித்துக் குறிக்க வேண்டும். இருவரும் ஒத்துப்போனால் விஷயம் முடிந்தது, மறுபடி திறக்கக் கூடாது. ஒத்துப்போகாவிட்டால் சம்பந்தம் சார் தீர்ப்பு. இவையெல்லாம் அவரே போட்ட விதிகள். அட்டவணையில் பெரும்பாலான கட்டங்களில் எழுத வேண்டியிருந்தது 'சொல்லப்படவில்லை' என்பதுதான். அதைத் தட்டித் தட்டி அலுத்துப்போன மஹ்பூபா, ஒரே ஒரு விசையை அழுத்தினால் அந்தச் சொல் முழுதாக வந்து விழும்படி செய்துவைத்தாள்.

அத்தனை ஆய்வுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் ஜொலித்தது. 'கிராமத்தின் அனைத்துக் குடும்பங்களும் சேர்க்கப்பட்டன. வசதி உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடின்றிப் பலன் கிடைத்தது' என்று அதில் எழுதியிருந்தது. ஆய்வு நடந்த இடம் சங்குமேடு. செய்தவர் டாக்டர் திருஞானசம்பந்தம்.

சுனாமிக்கு அடுத்த வருடம் அவர் முன்னின்று நடத்தியது அது. ஜெயப்ரியா அப்போது சிதம்பரத்தில் விடுதியில் தங்கிப் புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் செய்த ஆய்வை அவரே எடைபோடக் கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான். ஆகவே அந்த ஆய்வின் முறை வந்த அன்று சம்பந்தம் சார் படியிறங்கிக் கீழே டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் பதிலுக்குக் காத்திருப்பவர் போல மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இருவரும் தனித்தனியாகப் படித்தார்கள். எல்லாக் குடும்பங்களும் சேர்க்கப்பட்டனவா என்ற கட்டத்தில் இருவருமே 'ஆம்' என்று குறித்தார்கள். மஹ்பூபா ஜன்னல் வழியாகக் கையசைத்ததும் அவர் ஒரு பொட்டலம் பஜ்ஜியோடு மேலே வந்தார்.

அந்தத் தொகுப்புக்காகப் புதுச்சேரியில் அதிகாரிகள் காத்திருந்தார்கள். நல்ல முடிவு வந்தால் கடற்கரை முழுவதும் அதே திட்டம், சங்குமேட்டில் செய்த அதே முறையில். ஜெயப்ரியாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆடி மாதம் சங்குமேட்டுக் காளியம்மன் கோயிலில் கிடா வெட்டு. மறுநாள் கறிப் பங்கு வீடு வீடாக வந்தது. சங்குமேட்டில் எதைப் பங்கு போட்டாலும் தலைக்கட்டுக் கணக்குத்தான். கல்யாணமாகி, கடலுக்குப் போய், ஊருக்கு வரி கட்டுகிற ஆண் இருந்தால் அந்த வீடு ஒரு தலைக்கட்டு. அந்த ஆண் செத்துப்போனாலோ, வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு போய்விட்டாலோ வீடு அரைத் தலைக்கட்டு ஆகிவிடும். வரியும் கிடையாது, பஞ்சாயத்தில் பேச்சும் கிடையாது, பங்கு பாதி. இதைப் போய் அநியாயம் என்றால் ஊர் திகைத்துப்போகும். வரி வாங்காமலே பாதியாவது தருகிறோமே என்பார்கள். மனசாரத்தான் சொல்வார்கள்.

ஜெயப்ரியாவின் அப்பா அவள் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் சாப்பிட்டது அரைப் பங்குதான். இலையில் கட்டி வந்த சின்னப் பொட்டலத்தைக் கனகம் பிரித்துக் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தபடி பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம ஊரு பேரு வெளிநாட்டுப் புத்தகத்துல வரப்போவுதும்மா."

"எதுக்கு? சுனாமிக்கா?"

"இல்லம்மா. நான் சிதம்பரத்துல படிச்சப்ப வீட்டுக்கு வீடு பிரஷர் மாத்திரை குடுத்தாங்கள்ல, அதுக்கு. ஒரு வீடு விடாம குடுத்திருக்காங்க. உனக்குப் பிரஷர் எவ்வளவு குறைஞ்சுது அப்ப?"

"எனக்கு யாரு குடுத்தா?" என்றாள் கனகம், கறியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மாத்திரை கொண்டாந்த பொண்ணு நம்ம வாசலத் தாண்டித்தான் போவும். நல்ல பொண்ணு. போறப்ப சிரிச்சிட்டுப் போவும்."

"நீ கேக்கலியா?"

"கேட்டா மட்டும்? எல்லாத்துலயும் அரையா வர்றது அதுல வரல. மாத்திரைய எப்படி அரையா குடுப்பாங்கன்னு விட்டுட்டேன். தலை சுத்துனா கடையில ரெண்டு வாங்கிப் போட்டுக்குவேன்."

வெங்காயம் உரிப்பவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. அது ஒரு வசதி. ஜெயப்ரியாவுக்கு ஆத்திரம் பொங்கியது, அதுவும் தன்மேல்தான் முதலில். இந்த ஊரில் பிறந்து, இந்த அரைப் பங்கைத் தின்று வளர்ந்து, 'அனைத்துக் குடும்பங்களும்' என்று படித்தபோது கொஞ்சமும் உறுத்தாமல் 'ஆம்' என்று குறித்துவிட்டு, பஜ்ஜியும் தின்றிருக்கிறாள். கண்ணுக்கு முன்னால் இருந்தது அத்தனை பழக்கமாகிப் போயிருந்தது. இனி கடற்கரை முழுவதும் இதே முறையில் மாத்திரை போனால், இதே மாதிரி அம்மாக்களின் வாசலைத் தாண்டிச் சிரித்துக்கொண்டு போகும்.

மறுநாள் மஹ்பூபாவிடம் சொன்னாள். மஹ்பூபா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரும் ஒத்துப்போயிட்டோமேடி. திறக்கக் கூடாதுன்னு விதி."

"ஆய்வுல ஏதாவது தெளிவா இல்லன்னா, அதைச் செஞ்சவருக்கு எழுதிக் கேக்கலாம். அதுவும் விதிதானே?"

செய்தவர் ஒட்டுப்பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இருந்தாலும் முறை முறைதான். ஜெயப்ரியா ஒரு மின்னஞ்சல் எழுதினாள். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் சங்குமேடு ஆய்வைப் படித்தோம். அனைத்துக் குடும்பங்களும் என்று குறிப்பிட்டுள்ளீர்கள். குடும்பங்களை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறோம்.' அது எந்தெந்த தேசமோ சுற்றிவிட்டுத் தடுப்புக்கு அந்தப் பக்கம் டிங் என்றது. நாற்காலி கிறீச்சிட்டது. கொஞ்ச நேரம் விசைகள் தட்டப்படும் ஓசை. பிறகு இந்தப் பக்கம் டிங்.

'அன்புடையீர், ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கேட்டுப் பெற்றோம். ஒரு குடும்பமும் விடுபடவில்லை. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி.'

ஜெயப்ரியா மறுபடி எழுதினாள். 'வரி கட்டும் ஆண் இல்லாத வீடுகளும் அந்தக் கணக்கில் இருந்தனவா?'

இந்த முறை டிங் வரவில்லை. ஆளே வந்துவிட்டார்.

"ஏம்மா, பத்தடி தூரத்துல இருந்துக்கிட்டு என்னைக் குறுக்கு விசாரணை பண்றியா? நான் இந்த டெல்டாவுல பொறந்து வளந்தவன். எனக்குக் குடும்பம்னா என்னன்னு தெரியாதா?"

"சார், நீங்க கோட்டுச்சேரி. அங்க வயக்காட்டுக் கணக்கு. கடக்கரையில எண்ணுறது வேற மாதிரிங்க சார்."

"ரெண்டு பேரும் 'ஆம்'னு போட்டீங்க. ஒத்துப்போனது முடிஞ்சது. அதுதான் விதி!"

"சார்" என்றாள் மஹ்பூபா மிகப் பணிவாக. "இது உங்க ஆய்வு. இதப் பத்திப் பேசுறப்ப நீங்க ரூமுல இருக்கக் கூடாது. அதுவும் விதி."

சம்பந்தம் சார் திரும்பிப் படியிறங்கினார். தான் வளர்த்த மாடே தன்னை முட்டினால் யாரிடம் போய்ச் சொல்வது? டீக்கடையில் அவர் சர்க்கரை போடாமல் டீ குடித்ததாகப் பிறகு கேள்வி. ஜெயப்ரியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்த வேலை போனால் இதே மாதிரி ஒன்று காரைக்காலில் கிடைக்காது. அதற்காக மாற்றி எழுதவும் மனம் வரவில்லை.

மேலே வந்தவர் கறாராகச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை நேர்ல போவோம். உங்க பஞ்சாயத்தாரையே கேப்போம். நான் சொன்னது சரின்னா ஒரு எழுத்து மாத்தக் கூடாது."

"தப்புன்னா சார்?"

"தப்பா இருக்காது."

ஞாயிற்றுக்கிழமை படகுகள் கரையேறி, ஏலமும் முடிந்து, ஊர் ஓய்ந்திருந்த வேளையில் அவருடைய ஸ்கூட்டர் சங்குமேட்டுக்குள் நுழைந்தது. ஊர்த் தலைவரான பஞ்சாயத்தார் கருப்பையன் வலைக் கொட்டகையிலிருந்து எழுந்து ஓடி வந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய மனசு. சுனாமி நாளில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பிள்ளைகளைத் தூக்கிக் கரை சேர்த்த மனிதர். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

"வாங்க வாங்க டாக்டரய்யா! ஏலே, சோடா கொண்டாங்கடா!"

சோடா வந்தது. சம்பந்தம் சார் நேராக விஷயத்துக்கு வந்தார். "கருப்பையன், மாத்திரை குடுத்தப்ப ஊர்ல உள்ள குடும்பமெல்லாம் நீங்கதானே சொன்னீங்க? ஏதாவது விட்டுப்போச்சா?"

"எங்கய்யாவாண ஒண்ணு விடலீங்க. ஒரு குடும்பம் விட்டுப்போனா ஊர்ல என்னை நிக்க வச்சுக் கேட்டுருவாங்களே!"

சம்பந்தம் சார் ஜெயப்ரியாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் ஆயுசுக்கும் மறக்க மாட்டாள். வென்றவர் பார்வை. அவர் ரசித்து ஒரு மடக்கு சோடா குடித்தார்.

"மாமா," என்றாள் ஜெயப்ரியா, "எங்க வீட்டைச் சொன்னீங்களா?"

"உங்க வீடா?" கருப்பையன் உண்மையாகவே குழம்பினார். "உங்க வீட்ட எப்படிப் பாப்பா சொல்றது? அது கனகம் மட்டும் இருக்கிற வீடுல்ல."

"கனகத்துக்குப் பிரஷர் வராதா மாமா?"

"வரும், வராமப் பின்ன? ஆனா டாக்டரய்யா கேட்டது குடும்பத்த. அரையெல்லாம் உள்ள விட்டா கூட்டுறப்ப கொழப்பம் வரும்னு, அய்யாவுக்குச் சிரமம் வேணாமேன்னு, நானே ஒதுக்கிட்டேன்." தான் செய்த உதவி இத்தனை நாள் கழித்து வெளியே தெரிந்ததில் அவர் முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூடத் தெரிந்தது.

சம்பந்தம் சார் சோடா பாட்டிலைக் கீழே வைத்தார். "அப்படி எத்தனை அரை இருக்கு ஊர்ல?"

"முன்ன கொஞ்சந்தாங்க. சுனாமிக்கப்புறம் கூடிப்போச்சு."

சுனாமியில் நொந்த ஊர் என்றுதான் சம்பந்தம் சார் அந்த ஆய்வுக்குச் சங்குமேட்டைத் தேர்ந்தெடுத்திருந்தார். நொந்தவர்களிலும் நொந்தவர்கள் எவரோ அவர்களைத் தாண்டி அவருடைய மாத்திரை போயிருக்கிறது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"தப்பு என்னுதும்மா" என்றார் ஜெயப்ரியாவிடம். "யாரு விட்டுப்போனான்னு ஊரையெல்லாம் கேக்குற நான், என்னைக் கேட்டுக்கல." பிறகு சட்டென்று எழுந்தார். "கருப்பையன், இனிமே தலைய எண்ண வேணாம். அடுப்ப எண்ணுவோம். எந்த அடுப்புல தனியா சோறு வேகுதோ அது ஒரு வீடு. வாங்க, நடங்க."

அதன்பின் அவரைப் பிடிக்க முடியவில்லை. பிரஷர் பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கொல்லைப்புறம் போய் எட்டிப் பார்த்தார். "இது யாரு அடுப்பு? இவங்க தனியா? உக்காருங்கம்மா, கைய நீட்டுங்க." கருப்பையனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார். விருந்தாளியைத் தனியே விட்டால் மரியாதை என்னாவது? தெருவில் உள்ள பெண்கள் பின்னால் திரண்டுவிட்டார்கள். திருவிழா முடிந்து போன சந்தடி ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது.

தன் வீட்டைக் கடந்து போகும்போது கருப்பையன், "இது நம்ம வீடுதாங்க, இங்க ஒரே அடுப்பு" என்று கையைக் காட்டிவிட்டு மேலே நடந்தார். சம்பந்தம் சார் நின்றார்.

"கொல்லையில பொகை வருதே?"

கொல்லையில் ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகை. அதில் அடுப்புக்கு முன்னால் கருப்பையனின் அக்கா பெரியநாயகி மண்சட்டியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். புருஷன் நாகப்பட்டினத்தில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தப் போன நாளிலிருந்து தம்பியின் கொல்லையில்தான் வாசம்.

"இங்க தனியா சமைக்கிறீங்களாம்மா?"

"பின்ன? இவன் பொண்டாட்டி வைக்கிற கொழம்ப மனுஷி திம்பாளா?"

கூட்டம் சிரித்தது. கருப்பையன் சிரிக்கவில்லை. சம்பந்தம் சார் அவள் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். முள் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. அவர் முகம் மாறியது. அதுவரை பார்த்ததிலேயே பெரியநாயகிக்குத்தான் அதிகம்.

"அக்கா, உனக்குப் பிரஷரா?" கருப்பையன் பதறிப்போனார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"எதுக்குச் சொல்லணும்? முன்வாசல்ல ஒம்பொண்டாட்டிக்கு மாத்திரை குடுப்பாங்க. நான் இங்கேருந்து பாப்பேன். ஊருக்குக் கணக்குச் சொல்றவன் நீ. அக்காவ அதுல காணும்னு நாந்தான் வந்து சொல்லணுமா?"

பெரிய மீசைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டார். யாரும் அவரைப் பரிகாசம் செய்யவில்லை. "டாக்டரய்யா, நம்ம கணக்கு தப்புங்க" என்றார் கடைசியில். அந்த ஊரில் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெரியநாயகி குழம்பை இறக்கி வைத்துவிட்டு, "சரி சரி, அழுவாத. சாப்புட்டுட்டுப் போ" என்றாள்.

கடைசியாகக் கனகம் வீடு. கனகத்துக்கும் அதிகம்தான். சம்பந்தம் சார் உடனே மருந்துச் சீட்டு எழுத உட்கார்ந்தார். கனகம் அவருக்கு மோர் கொடுத்துவிட்டு எதிரில் நின்றாள்.

"எழுதிக் குடுங்க சார், வாங்கிப் போட்டுக்கிறேன். இந்த மாசம் நீங்க வந்தீங்க. அடுத்த மாசம் யாரு வருவா?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மோரைக் குடித்து முடித்தார். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது ஜெயப்ரியாவிடம், "நாளைக்குக் காலைல எனக்கு இன்னொரு தடவை எழுது. முறைப்படி" என்றார்.

முறைப்படி எழுதினாள். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து முறைப்படி பதில் வந்தது. 'கணவன் இல்லாத பெண்களின் வீடுகள் என் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. நான் அதைக் கேட்டறியவில்லை. அவர்களுக்கு இத்திட்டத்தால் பலன் உண்டா என்பது இந்த ஆய்விலிருந்து தெரியாது. இதை அப்படியே வெளியிடலாம்.' பதிலை அனுப்பிவிட்டு யாரும் சொல்லாமலே டீக்கடைக்கு இறங்கிப் போனார். மேலே இருவரும் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாக 'இல்லை' என்று குறித்தார்கள்.

அதோடு விட்டாரா? மற்ற ஆய்வுகளைச் செய்தவர்களுக்கும் அதே கேள்வியை அனுப்பச் சொன்னார். வீடுகளை யாரைக் கேட்டு எண்ணினீர்கள்? அவர்கள் யாரை விட்டுவிட்டிருப்பார்கள்? பதில்கள் ஒன்றொன்றாக வந்தன. ஓர் ஊரில் சீசனுக்கு வந்து தங்கும் கூலிக்காரர்கள் கணக்கில் இல்லை. இன்னோர் ஊரில் வாடகைக்கு இருப்பவர்கள் இல்லை. ஒருவர், இதை யாரும் இதுவரை கேட்டதில்லை, தனக்கே தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தார். மஹ்பூபா 'சொல்லப்படவில்லை' விசைக்கு ஓய்வு கொடுத்துவிட்டு ஒவ்வொரு கட்டத்திலும் விவரமாக எழுத ஆரம்பித்தாள். புதுச்சேரியிலிருந்து தாமதம் ஏன் என்று போன் வந்தபோது சம்பந்தம் சார், "அரை வேக்காட்டை அனுப்பச் சொல்றீங்களா?" என்று சத்தம் போட்டதில் கீழே டீக்கடைக்காரர் பயந்துபோய் மேலே எட்டிப் பார்த்தார்.

அடுத்த வருடம் தொகுப்பு வெளிவந்தது. வீட்டு வாசலில் மாத்திரை கொடுப்பது பலன் தருகிறது என்றும், யாருக்கெல்லாம் அது போய்ச் சேரவில்லை என்றும், அடுப்பை எண்ணிச் செய்ய வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஜெயப்ரியா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னாள்.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்றாள் கனகம்.

"இந்தா, இந்த வரியில. விட்டுப்போனவங்கன்னு போட்டிருக்கு பாரு."

கனகம் அந்த வரியைத் தடவிப் பார்த்தாள். உடனே வாசலுக்குப் போய்ப் பக்கத்துத் தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள். "பெரியநாயகிக்கா! நம்மளப் பத்தி வெளிநாட்டுப் புத்தகத்துல போட்டிருக்காங்களாம்!"

"என்னன்னு?"

"நாம அதுல இல்லேன்னு!"

பெரியநாயகி சிரித்த சிரிப்பு கடற்கரை வரை கேட்டிருக்கும். இருவரும் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்கள்.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு காலையில் புதுத் திட்டத்தின் சுகாதாரப் பணியாளர் ஒருத்தி மாத்திரைப் பையோடு தெருவில் வந்தாள். கனகம் வாசலில் உட்கார்ந்து கூடைக்குச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில், அவள் தாண்டிப் போவதற்கு வசதியாகக் காலை மடக்கிக்கொண்டாள். அந்தப் பெண் தாண்டிப் போகவில்லை. நின்று பேனாவை எடுத்தாள்.

"குடும்பத் தலைவர் பேரு சொல்லுங்கம்மா."

கனகம் திரும்பி வீட்டுக்குள் பார்த்தாள், அங்கே யாராவது இருக்கிறார்களா என்பதுபோல. உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த ஜெயப்ரியா சீப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். பதில் சொல்லவேண்டும்போல் துடிப்பாக இருந்தது.

"கனகம்" என்றாள் அவள் அம்மா. சொல்லிவிட்டு, சரியாகக் கேட்டதோ இல்லையோ என்று சந்தேகம் வந்து, இன்னும் கொஞ்சம் பலமாக மறுபடி சொன்னாள். பிறகு அந்தப் பெண்ணுக்கு உட்காரப் பலகை எடுத்துப் போட்டாள்.